ஒன்ராறியோவில் ஆர்வி முகாம்: பெப்ரவரியில் தொடங்கவேண்டிய வேலை

கோடை வந்ததும் ரொறன்ரோப் பக்கத்து வீடுகளில் பேச்சு எழும்: "இந்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அல்கோன்குயின் பூங்காவுக்குப் போய் நாலு நாள் நிற்போம்." பேச்சு எழுவது ஜூன் மாதத்தில். அந்நேரம் ஆர்வியை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள முகாம் வண்டியை, நிறுத்த மின் இணைப்புள்ள நல்ல சைற் (முகாமிடும் இடம்) எல்லாம் போயிருக்கும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில், போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. ஜூலை 18 போவதென்றால் பெப்ரவரி 18 காலை கணினி முன் இருக்கவேண்டும். கணக்கைத் திறந்து, கடன் அட்டையைக் கையில் வைத்து, விருப்பமான மூன்று சைற்றுகளின் இலக்கத்தை முதல் நாளே எழுதி வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐந்து மாதம் என்பது முதல் இரவை வைத்துக் கணக்கிடப்படுவது. புதன்கிழமை இறங்குகிறவர் அதே பதிவில் வெள்ளி, சனி இரவுகளையும் சேர்த்து எடுத்துவிடுவார். வெள்ளி இறங்க நினைப்பவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வாசல் திறக்கும். அப்போது பார்த்தால் எல்லாம் நிரம்பியிருக்கும். ஆகவே வேலையில் இரண்டு நாள் லீவு கூடுதலாக எடுக்க முடிந்தால் புதன் தொடங்குங்கள். கிழமை முழுவதும் லீவு உள்ளவர்கள் ஞாயிறு இறங்கி வியாழன் திரும்பலாம், கூட்டமும் குறைவு. தவறவிட்டால் முன்பதிவு இணையத்தளத்தில் அறிவித்தல் கேட்டு வைக்கலாம். யாராவது இரத்துச் செய்தால் மின்னஞ்சல் வரும், ஆனால் வந்த சில நிமிடத்துக்குள் எடுக்கவேண்டும்.

எந்தக் கிழமை என்று கேட்டால், பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு ஆகஸ்ட் கடைசி இரண்டு கிழமைதான் எங்கள் தெரிவு. பூச்சி குறைந்துவிடும், ஏரித் தண்ணீர் இன்னும் குளிராது, பள்ளிக்கூடம் தொடங்க நாள் இருக்கும். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை அல்கோன்குயினில் கறுப்பு ஈக்களின் காலம். பகலில் கடிக்கும், காதோரமும் கழுத்தும் வீங்கும், கரும் நிற உடுப்பைத் தேடி வரும். நுளம்பு பின்னேரத்துக்கு உரியது. பிள்ளைகளுக்குப் பூச்சி விரட்டும் மருந்து வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் படியுங்கள்: 2 முதல் 12 வயது வரை டீட் என்ற மருந்து 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, பெரியவர்களுக்கு 30 வரை. இக்காரிடின் என்ற மற்ற மருந்து 20 சதவீதத்தில் ஆறு மாதம் கடந்த குழந்தைக்கும் ஆகும்.

அடுத்தது ஆட்கணக்கு. எங்கள் ஆட்கள் நாலு குடும்பமாகப் போய் ஒரே இடத்தில் பெரிய சட்டி வைக்க விரும்புவார்கள். ஒரு சைற்றுக்கு 6 பேர்தான், ஒரே குடும்பம் என்றால் மட்டும் விலக்கு. ஒரு வாகனம்தான் கட்டணத்தில் அடங்கும். இரண்டாவதுக்குத் தனிச் சீட்டு. கூடாரமும் ஆர்வியும் சேர்த்து மூன்று, அதில் ஆர்வி அல்லது ரெயிலர் ஒன்றே ஒன்று. இருபது பேர் போகவேண்டுமென்றால் குழுக்களுக்கென்று ஒதுக்கிய முகாம்கள் உள்ளன. அல்கோன்குயினுக்குள் 60ஆம் நெடுஞ்சாலையில் வைற்ஃபிஷ் ஏரி அப்படியொன்று. இரவில் அமைதி வேண்டும் என்பதற்காகப் பகலில் ஸ்பீக்கர் போடலாம் என்று அர்த்தமில்லை. அடுத்த சைற்றுக்குப் பாட்டுக் கேட்டால் வார்டன் வருவார்.

ஆர்வி வாடகைக்கு எடுக்கும்போது முதல் தடவை 24 அடிக்கு மேல் போகவேண்டாம். சாதாரண கார் ஓட்டும் ஜி அனுமதிப்பத்திரமே இதற்குப் போதும், விசேட பரீட்சை இல்லை. ஆனால் கூரை நிலத்திலிருந்து 11, 12 அடி. கோப்பிக்கடையின் ட்ரைவ்-த்ரூவிலும் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலும் கூரையைக் கிழிப்பவர்கள் அநேகம், அந்தச் சேதத்தைச் சில வாடகைக் காப்புறுதிகள் ஏற்பதில்லை. கையெழுத்துப் போடமுன் கேளுங்கள். பெற்றோல் 100 கிலோமீற்றருக்கு 20 முதல் 25 லீற்றர் வரை குடிக்கும். பூங்காவுக்குள் 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது, அந்தத் தூரத்தில் பெற்றோல் நிலையம் இல்லை. வழியிலுள்ள ஹன்ற்ஸ்வில் ஊரில் நிரப்பிவிடுங்கள். வரைபடத்தையும் அங்கேயே கைபேசியில் இறக்கி வையுங்கள், உள்ளே சிக்னலை நம்ப முடியாது. விடியலிலும் அந்தியிலும் மூஸ் என்ற பெரிய மான் சாலைக்கு வரும். ஆர்வி சட்டென்று நிற்காது.

மின் இணைப்பு என்றதும் வீட்டு மின்சாரம் போல நினைத்துவிடுகிறோம். 30 அம்பியர், 120 வோல்ற்: மொத்தம் 3600 வாற். ஏசி ஓடும்போது அதில் ஏறக்குறைய 1500 போய்விடும். கேத்தில் இன்னொரு 1500. அதோடு றைஸ் குக்கரையும் போட்டால் பிரேக்கர் விழும். சோறு வேகும் நேரம் ஏசியை நிறுத்துங்கள், தேத்தண்ணிக்கு அடுப்பில் கொதிக்க வையுங்கள். சில சைற்றுகளில் 15 அம்பியர்தான், பதியும்போதே பார்க்கவேண்டும். பூங்காவில் சைற்றுக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் வராது. வரும்போதே நீர் நிரப்பும் இடத்தில் தாங்கியை நிரப்பிக்கொண்டுதான் சைற்றுக்குப் போகவேண்டும்.

பிறிட்ஜ் புரொப்பேன் வாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் வகையென்றால் இரண்டு விடயம். முதலாவது, குளிர ஓர் இரவு பிடிக்கும். முதல் நாள் இரவே போட்டுவிட வேண்டும். இரண்டாவது, வண்டி சரிந்து நின்றால் அது ஒழுங்காகக் குளிராது, பழுதும் ஆகும். அதனால் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை மட்டம் பார்த்து ரயரின் கீழ் கட்டை வைப்பதே. பெற்றோல் அடிக்கும்போது புரொப்பேன் வால்வு மூடியிருக்க வேண்டும்.

சமையலை உள்ளே வைக்காதீர்கள். மிளகாய் தாளித்த புகையில் அலாரம் கத்தும், மெத்தையில் ஏறிய மணம் போகாது, சுத்திகரிப்புக் கட்டணமும் வரும். கறிகளை வீட்டில் சமைத்து ஸிப் பூட்டுள்ள பையில் தட்டையாக உறையவைத்துக் கொண்டுபோவதே நல்லது. முதல் இரண்டு நாள் அவையே குளிர்ப்பெட்டியில் ஐஸ் வேலையும் பார்க்கும். இறைச்சிக்கறி மூன்றாம் நாளுக்கு, மரக்கறி அதற்கு முன். உருளைக்கிழங்குக் கறி உறைந்தால் மாவாகிவிடும், அதை அங்கே செய்யலாம். இடியப்பத்தைவிடப் புட்டுக்கு வேலை குறைவு: மாவை வீட்டில் வறுத்து, உறைந்த தேங்காய்ப்பூவோடு கொண்டுபோனால் வெளியடுப்பில் இருபது நிமிடம். மீன் பொரிப்பதைத் தவிர்த்துவிடுங்கள், காரணம் கரடி.

கருங்கரடிக்கு மணம்தான் வழிகாட்டி. சாப்பிட்டு முடிந்த கணமே மேசை வெறுமையாக வேண்டும்: கழுவாத சட்டி, எண்ணெய்ப் போத்தல், நாய்ச் சாப்பாடு, பற்பசை, குப்பைப் பை, தண்ணீர்க் குடம் வரை எல்லாம் பூட்டிய வாகனத்துக்குள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற் பக்கெற்கூடக் கூடாது. பூங்காக்காரர் இதற்காக அபராதமும் விதிப்பார்கள். கரடி வராவிட்டாலும் றக்கூன் வரும், அது மூடி திறக்கத் தெரிந்த மிருகம்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றாதீர்கள். ஆஷ் (ash) மரங்களைக் கொல்லும் மரகத வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் பரவியது. பூங்காக் கடையில் பையாக விற்கிறார்கள். காட்டில் பொறுக்குவது தடை. நெருப்புத் தடை அமுலில் இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். மழை வந்ததென்று கரி அடுப்பை ஆர்விக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இழுக்கக்கூடாது, கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் கொல்லும்.

ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. பல பூங்காக்களில் மிதவை அங்கியை இரவல் தருகிறார்கள், வந்து இறங்கிய அன்றே எடுத்து வையுங்கள். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் நிற்பதுதான் காவல், கரையில் கதிரை போட்டு இருப்பது காவலல்ல.

இனி கழிவு. ஆர்வியில் இரண்டு தாங்கி: மலக்கழிவுக்கு ஒன்று, சமையலறை, குளியல் நீருக்கு ஒன்று. எங்கள் சமையலில் இரண்டாவதுதான் முதலில் நிறையும், நாறவும் செய்யும். சட்டியைக் காகிதத்தால் துடைத்து எண்ணெயும் மஞ்சளும் எடுத்தபின் கழுவுங்கள். கஞ்சி, தேயிலைச் சக்கை தொட்டிக்குள் போகக்கூடாது. மலத்தாங்கியின் வால்வைத் திறந்துவைத்தால் நீர் ஓடிவிட்டு மலம் இறுகிக் குவியும்; அதை அகற்றுவது பெரும்பாடு. எப்போதும் மூடி வைத்து, தொடக்கத்தில் சில லீற்றர் தண்ணீரும் மருந்தும் ஊற்றி, விரைவில் கரையும் காகிதம் மட்டும் போடுங்கள். ஈரத்துடைப்பான் ஒன்று போதும் குழாய் அடைக்க.

கடைசி நாள் பிற்பகல் 2 மணிக்குள் சைற்றை விடவேண்டும். ஞாயிறு 11 மணிக்குமேல் கழிவு நிலையத்தில் நீண்ட வரிசை நிற்கும். காலை எட்டரைக்குப் போங்கள். கையுறை போட்டு, குழாயின் ஒரு முனையை நிலத்துத் துளைக்குள் இறக்கி உறுதியாக்கிவிட்டு மறுமுனையை வண்டியில் பூட்டவேண்டும். முதலில் மலத்தாங்கி, ஓட்டம் நின்றபின் மூடி, பிறகு மற்றது. அந்தச் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். அங்கே கழுவுவதற்கென்று இருக்கும் குழாய்த் தண்ணீரைக் குடிநீர்த் தாங்கிக்குள் விடவே கூடாது. குடிநீருக்குத் தனிக் குழாய், தனி இடம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தாங்கி வெறுமையா, பெற்றோல் நிறைவா என்று பார்ப்பார்கள். இரண்டையும் புறப்பட முன்பே படம் எடுத்து வைத்தால் பிறகு வாக்குவாதம் வராது.