படகோட்டித் தாத்தா ஏன் கயிறு கட்டவில்லை?

ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய வீடியோ கேம் குழுவில் நான் கதை எழுதுகிறேன். போன மாதம் வெளியான எங்கள் கேமில் படகோட்டித் தாத்தா வெள்ளத்தில் இறந்துபோகிறார். அன்றிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. அவரைப் பிழைக்கவைக்கச் சொல்லிச் சிலர் கெஞ்சுகிறார்கள், பலர் திட்டுகிறார்கள். குழுவிலேயே இருவர், "மாற்றிவிடலாமே" என்கிறார்கள்.

எனக்கு மாஸ் எஃபெக்ட் 3 நினைவுக்கு வந்தது. 2012 மார்ச் 6 அன்று வெளியான விண்வெளிப் போர்க் கேம். மூன்று பாகங்களிலும் ஒரே தளபதி ஷெப்பர்ட். முதல் பாகத்தில் நாம் எடுத்த முடிவு மூன்றாம் பாகம்வரை கூடவே வரும். அப்படி வளர்த்த கதை, கடைசியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வழிகளில் வந்து நின்றது. எதைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சிலர் பணம் சேர்த்து, கனடாவின் எட்மன்டனில் இருந்த, கேமை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். நிறம் மூன்று, சுவை ஒன்று. அந்த முடிவின் குறையை இதைவிடத் துல்லியமாக எந்த விமர்சகரும் எழுதிவிடவில்லை என்பேன்.

கோபத்துக்குள் நல்ல கேள்விகளும் இருந்தன. லண்டனில் நடக்கும் கடைசிப் போரில் என்னோடு ஓடிவந்த தோழர்கள், கடைசியில் எங்கோ ஒரு கிரகத்தில் நார்மண்டி என்ற எங்கள் விண்கலத்திலிருந்து எப்படி இறங்குகிறார்கள்? 2011இல் வந்த 'அரைவல்' என்ற கூடுதல் பகுதியில் விண்கலங்களை நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவவைக்கும் ரிலே இயந்திரம் ஒன்று அழிந்ததற்கே ஒரு நட்சத்திர மண்டலம் முழுவதும் போனது. இப்போது எல்லா ரிலேக்களும் வெடித்தால் மிச்சம் யார்? கேம் தன் வாயால் சொன்னதை வைத்தே கேமை மடக்கும் கேள்விகள் இவை. ரசனை வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. பேட்டி கொடுத்தும் சமாளிக்க முடியாது. கேமுக்குள்தான் பதில் வேண்டும்.

பயோவேர் அதைச் செய்தது. ஜூன் 26 அன்று முடிவை விரித்துச் சொல்லும் 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற கூடுதல் பகுதி இலவசமாக வந்தது. அடிப்படை முடிவுகள் அப்படியே இருந்தன. காயம்பட்ட தோழர்களை ஏற்றிச் செல்ல நார்மண்டி தரையிறங்கும் காட்சி சேர்ந்தது. ரிலேக்கள் பழுதுபார்க்கக்கூடிய நிலையில் இருந்தன. மூன்று வழிகளையும் மறுக்கும் நான்காவது வழியும் வந்தது. மறுத்தால் போரில் தோற்போம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கேட்ட உரிமையைக் கொடுத்தார்கள், அதற்குரிய விலையையும் வைத்தார்கள்.

அதே கேமில் இரண்டு ஆண்களுக்கிடையேயான காதலை நீக்கச் சொல்லியும் கடிதங்கள் போயின. நீக்கவில்லை. நீக்கியிருக்கவும் கூடாது. கதையில் யார் வாழலாம் என்பதைக் கடிதங்களை எண்ணித் தீர்மானிக்க முடியாது.

மிரட்டல்களை நான் கருத்தாகவே எண்ணுவதில்லை. 2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2 என்ற கேம் வந்தபோது, ஆபி பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. எழுதிக் கொடுத்த பாத்திரத்தை நடித்தவர் அவர்! எங்கள் குழுவில் வெள்ளக் காட்சியை வரைந்த பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. அவளைத் திட்டி வரும் எதையும் அவள் கண்ணில் படவிடுவதில்லை. எல்லாக் கடிதங்களையும் நான்தான் முதலில் படிக்கிறேன்.

அப்படிப் படித்தபோதுதான் அந்தக் கடிதம் கிடைத்தது. திட்டு இல்லை, நான்கே வரிகள். "இரண்டாம் அத்தியாயத்தில், இடுப்பில் கயிறு கட்டாமல் படகில் கால் வைக்கமாட்டேன் என்கிறார் தாத்தா. வெள்ள இரவில் கயிறு எங்கே?"

கயிறு இருந்தது. கரையில் மாட்டிக்கொண்ட சிறுவனை இழுக்க அவர் அதை அவிழ்த்துக் கொடுக்கும் காட்சியை நான் எழுதியிருந்தேன். வெளியீட்டுத் தேதி நெருங்கியதால் வெட்டினோம். வெட்டச் சம்மதித்தவனும் நான்தான். அந்தக் காட்சி இல்லாமல் தாத்தாவின் சாவு, நாங்கள் வேண்டுமென்றே செய்த கொடுமையாகத் தெரிந்திருக்கிறது.

அந்த நான்கு வரிகளை எழுதியவருக்கு இன்று பதில் எழுதினேன். கயிற்றுக் காட்சி அடுத்த அப்டேட்டில் வரும் என்றும், தாத்தா திரும்பிவரமாட்டார் என்றும்.