மறுகால் ஓடைக்கு நிதி கேட்டு அலைந்த பதினாறு மாதங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது, குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள் போனது. ஆனால் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இல்லை. பாளையங்கால்வாய்த் தண்ணீரில் நிறையும் ஒரு குளத்தின் கீழே இருக்கிற சிற்றூர் அது. ஆறு எங்களைத் தொடவேயில்லை, குளம்தான் உடைத்தது. குளம் நிறைந்தால் மிகுதி நீர் வெளியேறும் மறுகால் வழியாகப் போக வேண்டிய தண்ணீர் போக்கிடம் இல்லாமல் பின்னுக்கு ஏறி, தெற்குக் கரையை முப்பது அடிக்கு அறுத்துக்கொண்டு கீழத் தெருவுக்குள் வந்தது. நட்டு ஒரு மாதமே ஆகியிருந்த பிசானப் பருவ நெல்லின் மேல் மணல் படிந்தது. 1992 வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள்கூட அந்தக் கரை அதுவரை உடைந்து பார்த்ததில்லை என்றார்கள்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். குளத்துப் பாசனதாரர் சங்கத்துக்குச் செயலாளர். அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் தெருக்காரர்களுக்குக் கிடைத்த பிறகு, அடுத்த மழைக்குள் கரையையும் ஓடையையும் சரிசெய்ய நிதி வாங்கிவிடலாம் என்று நம்பித்தான் 2024 ஜனவரியில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளுக்குப் போய் வரிசையில் நின்றேன். அந்த மனுவில் நான் செய்த பிழைகளை இப்போது எண்ணினால் மூன்று தேறும். வெள்ள நிவாரணம் என்று தலைப்பிட்டது ஒன்று. குளத்தை ஊராட்சிக் குளம் என்று எழுதியது இரண்டு. பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டது மூன்று. மூன்றாவதை வாசித்த அலுவலர் சிரிக்காமல் இருந்ததே பெரிய மரியாதை.

எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆன செய்தி, அரசிடம் இதற்கு இரண்டு தனித்தனிப் பைகள் இருக்கின்றன என்பது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், வெள்ளம் வந்த பின் கொடுக்கிற நிதியையும், வருமுன் ஆபத்தைக் குறைக்கிற தணிப்பு நிதியையும் வேறு வேறாகவே வைக்கச் சொல்கிறது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு எல்லா மாநிலங்களுக்குமாக 1,60,153 கோடி ரூபாயை வகுத்து, அதில் 80 விழுக்காட்டை முதல் பைக்கும் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கும் பிரித்தது. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் நூற்றுக்கு 75 ரூபாய் ஒன்றிய அரசுடையது, 25 மாநிலத்துடையது. நிவாரணம் என்று தலைப்பிட்ட எங்கள் மனு முதல் பைக்குப் போய், ‘நிவாரணம் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரிப் பதிலோடு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பதிலில் தவறு சொல்ல முடியாது. கேட்டதற்குத்தான் பதில் வந்திருந்தது.

ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பணிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலர்தான் வழியைச் சொன்னார். “ஐயா, மனு எழுதாதீங்க. ஓட்டை எங்க இருக்கு, எத்தனை வீட்டுக்கு ஆபத்து, எவ்வளவு வேலை செஞ்சா அது குறையும்னு எழுதுங்க. குளம் யாருதோ அந்தத் துறை அதைத் திட்டமா அனுப்பணும். ஊர்க்காரங்க நேரா கேட்க முடியாது” என்றார். அந்த வார்த்தையிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது என்று சொல்லலாம்.

குளம் யாருடையது என்பதே முதல் சிக்கல். குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசியின் ஏலத்தை ஊராட்சி விடுவதால் குளமும் ஊராட்சியுடையது என்று ஊரே நம்பியிருந்தது. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பதுதான் பொதுவான வரையறை. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் ஆயக்கட்டுப் பட்டியலையும் பார்த்தபோது எங்கள் குளம் 64 ஹெக்டேர் என்று இருந்தது. அதற்குள் கோப்பு தவறான அலுவலகம் ஒன்றில் ஏழு வாரம் உறங்கிவிட்டது. அது எங்கே கிடக்கிறது என்பதை அறிய, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிட்டது. அந்தச் சட்டத்துக்கு அப்படியும் ஒரு குணம் உண்டு. பிறகு மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, ஜூன் தொடக்கம் வரை எதுவும் அசையவில்லை.

அந்த இடைவெளியை வீணாக்காததுதான் நாங்கள் செய்த உருப்படியான காரியம். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தோம். கீழத் தெருவில் வெள்ளம் நின்ற உயரத்தை, சுவரில் கறை அழிவதற்குள், வீடு வீடாகச் சிவப்புப் பெயின்ட்டால் கோடிட்டு நாடாவால் அளந்தோம். நாற்பத்தொரு வீடுகள், அவற்றில் தனியாக எழ முடியாத முதியவர்கள் ஒன்பது பேர். எங்கள் தெருப் பையன் படிக்கும் பொறியியல் கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் மட்டமானியைக் கொண்டுவந்து கரையின் உச்சியையும் மறுகாலின் மட்டத்தையும் பார்த்தார்கள். உடைந்த இடத்தில் கரை, மற்ற இடங்களைவிட இரண்டே கால் அடி தாழ்ந்திருந்தது. டிராக்டர் ஏறி இறங்கிய பாதை அது. மடை பார்க்கும் பெரியவர் மட்டமானியை ஒரு தரம் பார்த்துவிட்டு, “இதை நான் முப்பது வருசமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, எங்கிட்ட கண்ணாடி இல்ல, அதான் யாரும் கேக்கல” என்றார்.

மறுகால் ஓடையை அளந்த நாளை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நில அளவை வரைபடமான புலப்படத்தில் அது 12 மீட்டர் அகலம். தரையில், சர்வேயர் சங்கிலி பிடித்தபோது, சில இடங்களில் நான்கு மீட்டர்கூட இல்லை. அமலைச் செடியும் உடைமரமும் அடைத்தது போக, மீதியை அடைத்தவர்கள் நாங்களே. வடகரையில் என் மைத்துனரின் வாழைத்தோட்டம் இரண்டு வரிசை ஓடைக்குள் இருந்தது. “மச்சான், மனு எழுதுனது நீங்க, வாழை போறது எனக்கா?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி நோட்டீஸ் வரும் என்று சொல்லிப் பயமுறுத்துவதைவிட, குலை வெட்டும் வரை பொறுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தோம். ஆறு பேர் தாமாக விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஓடை ஆக்கிரமிப்பு இல்லாமல் இருக்கிறது என்ற வருவாய்த் துறையின் சான்று இல்லாமல் திட்டம் மேலே போகாது என்பதால், இதைத் தாண்டிச் செல்ல வேறு வழியும் இருக்கவில்லை.

ஜூலையில் மதிப்பீடு போட வந்த உதவிப் பொறியாளரிடம் கரை முழுவதற்கும் கல்லும் சிமென்ட்டும் கொண்டு தடுப்புச் சுவர் கேட்டோம். அவர் மறுத்த காரணம் எங்களுக்குப் புதிது. தணிப்பு நிதி என்பது உள்ளூர் அளவிலான, மக்கள் பங்கேற்கிற சிறு வேலைகளுக்கானது. கடற்கரைச் சுவர், பெரிய வெள்ளக்கரை போன்றவற்றை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில்தான் கேட்க வேண்டும் என்று நிதியின் நெறிமுறையே சொல்கிறதாம். சுவரை வைத்துக்கொண்டு அனுப்பினால் முழுத் திட்டமும் திரும்பி வரும் என்றார். சுவரை எடுத்துவிட்டோம். தாழ்ந்த கரையை மண்ணிட்டு உயர்த்திக் கெட்டிப்படுத்துவது, இரண்டு மடைகளுக்குப் புதிய ஷட்டர், ஓடையைப் புலப்படத்தின் அகலத்துக்கு மீட்பது, கரைச் சரிவில் வெட்டிவேரும் பனையும் நடுவது, எச்சரிக்கைச் சங்கு ஒன்று என்று திட்டம் சுருங்கியது. ஊரில் சிலருக்கு இது ஏமாற்றம். என் கருத்தில் சுவர் கட்டியிருந்தாலும் ஓடை அடைபட்டிருந்தால் தண்ணீர் அதே தெருவுக்குத்தான் வந்திருக்கும்.

அந்தக் கோப்பு மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போய், பேரிடர் மேலாண்மை ஆணையர் அலுவலகம் வழியாக, தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநிலச் செயற்குழுவின் முன் செல்ல வேண்டும். இரண்டு முறை விளக்கம் கேட்டுத் திரும்பியது. ஒன்று, நூறு நாள் வேலைத் திட்டத்தில் இதே ஓடைக்கு முன்பு செலவு செய்யப்பட்டதா என்ற கேள்வி. செடி அகற்றிய வேலை 2022இல் நடந்திருந்ததால், அதன் கணக்கை ஊராட்சிச் செயலரிடம் வாங்கி, அது கூலிக்கு மட்டுமே ஆன செலவு, மண்வேலையோ ஷட்டரோ அதில் இல்லை என்று பிரித்துக் காட்டினோம். அந்தக் காகிதத்தைத் தேடியதில் மட்டும் இருபது நாள் போயிற்று. இப்படி ஒரு திட்டத்துக்கு முயலும் ஊர்க்காரர்கள், பழைய வேலைகளின் அளவுகளைப் பதிந்த அளவுப் புத்தகத்தின் நகலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நிதி வருவதற்கு முன்பே 2024 டிசம்பர் மழை வந்துவிட்டது. 12, 13 தேதிகளில் மாவட்டம் முழுவதும் கொட்டி, தாமிரபரணியில் மறுபடியும் வெள்ளம். குளம் கரைக்கு ஓரடி கீழே நின்றது. எங்களிடம் இருந்ததெல்லாம் அறுநூறு மணல் மூட்டை, முதல்நிலை மீட்பாளர்களாகப் பெயர் கொடுத்திருந்த பதினோரு இளைஞர்கள், 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண், அந்த ஒன்பது முதியவர்களின் பட்டியல். இரவு பத்து மணிக்குள் ஒன்பது பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தாழ்ந்த இடத்தில் மூட்டையை அடுக்கி விடிய விடியக் காத்திருந்தோம். ஆக்கிரமிப்பு விலகி, பாதியளவாவது திறந்திருந்த ஓடை தண்ணீரை இழுத்தது. கரை தாங்கியது. அந்த இரவின் குறிப்பையும் மணிக்கு மணி எடுத்த நீர்மட்டக் கணக்கையும் திட்டத்தோடு சேர்த்து அனுப்பினோம். இரண்டாவது விளக்கத்துக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

2025 மார்ச்சில் ஆணை வந்தது. பணம் துறைக்குத்தான் போனது, டெண்டர் விட்டு ஒப்பந்தக்காரர் வேலை செய்தார். பிசான அறுப்பு முடிந்து அடுத்த பருவமான கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முந்தைய வறண்ட வாரங்களில் மே மாத இறுதிக்குள் முடித்தார்கள். கரைமண்ணை அரையடி அடுக்காகப் போட்டு உருளை ஓட்டுகிறார்களா என்று நாள்தோறும் இருவர் முறைவைத்துப் பார்த்தோம். ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மடைச் சுவரில் 2023, 2024 நீர்மட்டங்களை இரண்டு கோடுகளாக எழுதி வைத்திருக்கிறோம். ஓடை இப்போது 12 மீட்டர் அகலத்தில் நேராகப் போய், ஊருக்குக் கீழே சாலையைக் கடக்கும் ஒற்றைக் கண் பாலத்தில் முட்டுகிறது. அதன் அகலம் இரண்டு மீட்டர்தான். பாலம் வேறொரு துறையுடையது. அதன் புலப்பட நகலுக்குப் போன வியாழக்கிழமை விண்ணப்பித்திருக்கிறேன்.