ஒரே அப்பா, மூன்று பெயர்

2018 ஜூலைக் கடைசியில் வெள்ளம் வந்தபோது, பர்மாவில் பெகு பக்கத்தில் எங்கள் வயலில் நட்டு இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. வடிந்த அன்று இறங்கிப் பார்த்தேன். பயிர் சாய்ந்திருக்கவில்லை, கரைந்திருந்தது. அள்ளினால் விரலிடுக்கில் கொழகொழவென்று வழிந்தது.

ஏழு ஏக்கர். நடவுக்கு அரசு வங்கியின் பயிர்க்கடன் வாங்கியிருந்தோம். மழைக்கால நெல்லுக்கு அப்போது ஏக்கருக்கு 1.5 லட்சம் கியாட், 10 ஏக்கர் வரைக்கும். ஆனால் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றால்தான் கிடைக்கும். நான் கட்டாவிட்டால் அண்டை வயல்காரர்கள் தலையில் விடியும்.

சேதக் கணக்கெடுக்க வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு பையன் ரப்பர் பூட்ஸோடு வந்தான். நல்ல பையன், வரப்பில் நிற்காமல் சேற்றில் இறங்கினான். அரை மணி நேரத்தில் ஏழு ஏக்கரும் பதிவாயிற்று. பட்டியலில் பெயர் ஏறினால் மறுவிதைப்புக்கு விதைநெல் உண்டு என்றான். அப்புறம், "நிலம் யார் பெயரில்?" என்று கேட்டான். வினை அங்கேதான் தொடங்கியது.

2012 விவசாய நிலச் சட்டத்துக்குப் பிறகு, உழுகிறவர் கையில் உழும் உரிமைச் சான்றான ஏழாம் எண் படிவம் இருக்க வேண்டும். நிலம் அரசுடையது, உழும் உரிமைதான் நமக்கு. எங்கள் படிவம் காலமான அப்பா பெயரில் கிடந்தது. அதிலும் பர்மியப் பெயர். குடும்பப் பட்டியலில் அவருடைய தமிழ்ப் பெயர், பர்மிய எழுத்தில். அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் இளவயதில் எழுதிய 'மௌங்' (தம்பி என்பதுபோல), படிவத்தில் பெரியவருக்குப் போடும் 'ஊ'. எங்கள் ஆட்களில் பாதி வீட்டில் இதே கதைதான். வெள்ளம் வரும்வரை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

மூன்றும் ஒருவரே என்று ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கினேன். பத்து வீட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். நில ஆவண அலுவலகத்தில் அது போதவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றி, அம்மன் கோயில் நன்கொடைப் பலகையில் அப்பா பெயர் இருப்பதைப் படமெடுத்துக்கொண்டு போனேன். எழுத்தர் அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன எழுத்து? எனக்கு ஜிலேபிபோலத் தெரிகிறது" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் பழைய கடன் ரசீது. மேலே பர்மியப் பெயர், கீழே அவர் போட்ட தமிழ்க் கையெழுத்து. கோயில் பெரியவர் சாட்சியாக வந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டினார். எழுத்தர் அம்மா முத்திரையை எடுத்தார்.

அதற்குள் நான்கு நடை, மூன்று வாரம். மறுவிதைப்புக்குப் பருவம் காத்திருக்குமா? கடனுக்கு விதை வாங்கி ஏற்கெனவே தெளித்திருந்தேன். அரசு விதை வந்தபோது மூட்டையைப் பிரிக்காமல் கோடைப் போகத்துக்கு வைத்துவிட்டேன்.

பின்தங்கி விளைந்த நெல் ஈரமாகவே களத்துக்கு வந்தது. அரசு அறிவித்த அடிப்படை விலை 100 கூடைக்கு 5 லட்சம் கியாட், ஈரப்பதம் 14 சதவீதம் இருந்தால். வியாபாரியின் கருவி 17 காட்டியது. மூன்று நாள் பாயில் காயவைத்து, கோழி விரட்டி, விற்றுக் கடனை அடைத்தோம். கையில் மிஞ்சியது வைக்கோல்.

படிவத்தை என் பெயருக்கு மாற்றியாயிற்று. மகனுக்குப் பள்ளியில் ஒரு பெயர், குடும்பப் பட்டியலில் ஒரு பெயர். அறுவடை முடிந்ததும் அதற்கு அலைய வேண்டும்.