3 போட்டவர்

"நல்லாத்தான் சார் இருக்கு, 3 போடலாம்" என்றார், சிமுலேட்டரை விட்டு இறங்கியதும். டெஸ்ட் பைலட் பயிற்சிக்கு வந்திருப்பவர், கெட்டிக்காரர். விமானம் ஓட்ட எப்படி இருக்கிறது என்று 1 முதல் 10 வரை ஓர் எண் போடச் சொல்லியிருந்தேன்.

நான் எதுவும் சொல்லவில்லை. ஸ்டிக் (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) அசைந்த வரைபடத்தை எடுத்து முன்னால் வைத்தேன்.

விமானம் கோட்டிலேயே இறங்கியிருக்கிறது, குறையே இல்லை. ஆனால் கடைசி 20 விநாடி அவர் கை ரம்பப் பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. ஸ்டிக்கை இழுப்பதற்கும் மூக்கு தூக்குவதற்கும் நடுவே கால் விநாடி தாமதத்தை நான்தான் சொல்லாமல் சேர்த்திருந்தேன்.

கூப்பர், ஹார்ப்பர் என்ற இரண்டு டெஸ்ட் பைலட்டுகள் 1969-இல் நாசா அறிக்கையாகத் தந்த அளவுகோலில் 1 சிறந்தது, 10 என்றால் விமானம் கையை விட்டே போய்விடும். வேலை முடிந்ததா என்பதோடு அது நிற்பதில்லை, முடிக்க பைலட் எவ்வளவு பாடுபட்டார் என்றும் கேட்கும். 3 என்றால் சொற்பமாகத்தான் பாடுபட்டிருக்க வேண்டும்.

இதில் திறமைசாலிகள்தான் தொல்லை (சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்). விமானத்தின் குறையைத் தங்களுக்கே தெரியாமல் கையால் மூடிவிடுவார்கள். மூட முடியாத நாளும் வரும். 1977-இல் என்டர்பிரைஸ் விண்ணோடம் ஓடுபாதையில் இறங்கும்போது குதித்து ஆடியதே, அதற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம், ஓட்டியவரோ அப்போலோ 13-இல் போய்வந்த ஃபிரெட் ஹெய்ஸ்.

வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தான் போட்ட 3-ஐக் கோடு போட்டு அடித்தார். வேறு எண் எழுதவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டிட்டுச் சொல்றேன் சார்."