கைக்குப் பிடித்த பிஸ்டலும் குறியில் பட்ட ரிவால்வரும்

சௌகார்பேட்டையில் மொத்த நகை வியாபாரம் செய்கிறேன். பட்டறையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து சேலம், கோவை வாடிக்கையாளர்களுக்கும் சரக்கைப் பெரும்பாலும் நானே எடுத்துச் செல்வதால், தற்காப்புக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் முடிவு செய்தேன். உரிமம் பெறுவதுதான் கடினம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு நாள் பிடித்தது உண்மைதான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, உரிமம் கைக்கு வந்த பிறகு எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்ற கேள்வி.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையருக்கு உரியது; மாவட்டங்களில் அது ஆட்சியரிடம் இருக்கிறது. விண்ணப்பம், காவல் நிலைய விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியை வீட்டில் எங்கே எப்படிப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி, 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகிய எல்லாவற்றையும் முடித்த பிறகு வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்தில் நேர்காணல் நடந்தது. எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதற்கு வணிகப் பதிவேடுகளுடன் பதில் சொல்ல முடிந்ததால் எனக்குச் சிக்கல் ஏதும் எழவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-லிருந்து 2-ஆகக் குறைந்துவிட்டது.

நம் நாட்டில் தேர்வுக்கான களமே குறுகியது. 9 மி.மீ., .38, .45 போன்ற குழல் அளவுகள் (புள்ளி வைத்த எண்கள் அங்குலக் கணக்கு) தடை செய்யப்பட்ட வகையில் அடங்குவதால், சாதாரணக் குடிமகன் தற்காப்புக்கு வாங்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 ஆகத்தான் இருக்கும். அதிலும் இரண்டு தோட்டாக்கள் உள்ளன. சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வருக்கு உரியது 1896-இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் பிஸ்டலுக்கு உரியது 1899-இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .32 ஏ.சி.பி. முதலாவதன் ஈயக் குண்டு வழக்கமாகச் சுமார் 6.4 கிராம் இருக்கும், இரண்டாவதன் குண்டு சுமார் 4.6 கிராம். இரண்டும் வலிமை குறைந்த தோட்டாக்கள்தான். இந்த அளவில் குண்டின் வலிமையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. குண்டு எங்கே படுகிறது என்பதே முக்கியம்.

என் விருப்பம் தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்தது. ரைபிள் கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர், பழைய வால்தர் பி.பி. பிஸ்டல் ஒன்றை வைத்திருக்கிறார். 1929-இல் ஜெர்மனியில் வெளிவந்த வடிவம் அது. கைப்பிடிக்குள் செருகும் மகசீன் என்ற தோட்டாப் பெட்டியில் 8 தோட்டாக்கள் கொள்ளும். மெலிந்த உடல், வழவழப்பான கருநீலப் பூச்சு, உள்ளங்கையில் பொருந்தி உட்காரும் கைப்பிடி என எல்லாமே என்னைக் கவர்ந்தன. அவர் வயதின் காரணமாக அதை விற்றுவிட எண்ணியிருந்தார். 1980-களின் நடுப்பகுதியிலிருந்து குடிமக்களின் பயன்பாட்டுக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், இத்தகைய பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே பல லட்ச ரூபாய் விலை சொல்கிறார்கள். அந்த விலையைக் கொடுக்கவும் நான் ஆயத்தமாக இருந்தேன்.

என்னைத் தடுத்து நிறுத்தியவர் கிளப்பில் பயிற்சி அளிக்கும் ஓய்வு பெற்ற சுபேதார். நான் அந்தப் பிஸ்டலைப் பற்றி ஓயாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள், "சார், நீங்க அதைச் சுட்டுப் பார்த்தீங்களா, இல்ல பிடிச்சு மட்டும்தான் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பிடித்துத்தான் பார்த்திருந்தேன். பிறகு அவரே ஒரு சோதனை முறையைச் சொன்னார். வரும் மாதங்களில் கிளப் விதிகளுக்கு உட்பட்டு, உரிமம் பெற்ற உறுப்பினர்களின் முன்னிலையில், கிடைக்கும் துப்பாக்கிகளையெல்லாம் ஒரே விதமாகச் சுட வேண்டும். தூரம் 10 மீட்டர். முதலில் நிதானமாக ஐந்து குண்டுகள், பிறகு அவர் விசில் ஊதியதும் விரைவாக ஐந்து, பிறகு ஒற்றைக் கையால் ஐந்து. ஒவ்வொரு இலக்குத் தாளிலும் துப்பாக்கியின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். "முதல் குண்டை எல்லாரும் ஒழுங்கா அடிப்பாங்க சார். ரெண்டாவது, மூணாவது எங்க போகுதுன்னு பாருங்க" என்பது அவர் அறிவுரை.

வால்தரில் என் தாள்கள் வேடிக்கையாக அமைந்தன. அந்த வகைப் பிஸ்டலில் முதல் குண்டுக்கு ட்ரிகரை நீளமாகவும் கனமாகவும் இழுக்க வேண்டும். அதன் பிறகு தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தி தானாகவே பின்னால் நின்றுவிடுவதால் அடுத்த குண்டுகளுக்கு இழுப்பு குறுகியதாகவும் இலேசாகவும் மாறிவிடும். நிதானமாகச் சுடும்போது இரண்டாவதிலிருந்து எல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. விசில் ஊதியதும் முதல் குண்டு இடப்பக்கம் கீழே போயிற்று, ஏனென்றால் அவசரத்தில் நான் ட்ரிகரைப் பிடுங்கினேன்; அடுத்தது நான் எதிர்பார்க்கும் முன்பே வெடித்து மேலே போயிற்று. இரண்டு விதமான இழுப்புக்கு நடுவே என் விரல் ஒவ்வொரு முறையும் குழம்பியது. தற்காப்பில் பெரும்பாலும் முதல் குண்டே முடிவு செய்யும் என்பதால், சரியாக அந்த முதல் குண்டு கெட்டுப்போவதை நான் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. போதாக்குறைக்கு, சுடும்போது பின்னோக்கி வரும் ஸ்லைடு என்ற மேல்பகுதி என் கட்டைவிரலின் அடிச்சதையை உரசியது. என் கை சற்றுப் பெரிது.

கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரை ஆரம்பத்தில் நான் ஒரு பொருட்டாகவே கருதவில்லை. நடுவில் மடக்கித் திறக்கும் பழைய பாணி, 6 தோட்டாக்கள், தடித்த உருளை, அலங்காரம் ஏதுமில்லாத தோற்றம். வங்கி வாசலில் நிற்கும் காவலரின் இடுப்பை நினைவூட்டும் பொருள் என்பதுதான் என் மனத்தில் பதிந்திருந்த படம். ஆனால் தாள்கள் வேறு கதையைச் சொல்லின. நிதானமாகச் சுடும்போது வால்தரைவிடச் சற்று அகலமாகவே பரவின. விசிலுக்குப் பிறகு அந்த அகலம் ஏறக்குறைய மாறவேயில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே மாதிரியான கனத்த இழுப்பு என்பதால் விரலுக்குக் குழப்பம் இல்லை. சுடும்போது கையில் வரும் உதைப்பை எஃகு உடலின் எடை விழுங்கிக்கொண்டது. ஒற்றைக் கைச் சோதனையில்தான் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிந்தது: ரிவால்வரின் ஐந்தும் தாளில் உள்ள மனித உருவின் மார்புப் பகுதிக்குள் இருந்தன, வால்தரில் இரண்டு தோள் பக்கம் போயிருந்தன.

2014-இல் அதே கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் ரிவால்வரையும் சுட்டுப் பார்த்தேன். டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது, எடை சுமார் 500 கிராம். சட்டைக்குள் இருப்பதே தெரியாது. எனினும் எடை குறையக் குறைய உதைப்பு கைக்கே வந்து சேரும் என்பது இயற்பியல். என் அடுத்தடுத்த குண்டுகள் எஃகு ரிவால்வரில் போல் நெருக்கமாக விழவில்லை. கை சிறுத்தவர்கள், பையில் வைத்துக்கொள்பவர்கள் அதை வேறு விதமாக மதிப்பிடக்கூடும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதென்றால் விடை வேறாக இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் என்ற பிஸ்டல் போட்டிக்காகக் கிளப்பில் வைத்திருக்கும் .32 பிஸ்டலில்தான் என் மிகச் சிறந்த தாள்கள் கிடைத்தன. அதுவும் அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவைத்தான் சுடுகிறது. ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் எடை, கைக்கு அச்சாகப் பொருந்தும் பெரிய மரக் கைப்பிடி, மிக இலேசான ட்ரிகர் ஆகியவற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு சென்ட்ரல் நிலையத்தில் ரயிலேற முடியாது. எனவே இடுப்பில் இருக்கக்கூடிய துப்பாக்கிகளில், அவசரத்திலும் என் கை கெடாமல் சுடுவது எது என்று கேள்வியைத் திருத்திக்கொண்டேன்.

இந்த இடத்தில் விருப்பத்துக்கும் ஓர் இருக்கை உண்டு என்று நினைக்கிறேன். என் மனைவி கேட்டாள்: "உங்களுக்குப் பிடிக்காத பொருளை நீங்க கட்டிக்கிட்டுப் போவீங்களா? பீரோவுல வச்சுப் பூட்டுறதுக்கா இத்தனை அலைச்சல்?" நியாயமான கேள்வி. பிடிக்காத துப்பாக்கியை ஆள் வீட்டில் விட்டுவிடுவான், அதனுடன் பயிற்சிக்கும் போகமாட்டான். அதனால் ரிவால்வர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அவருடைய தோல் உறையை மட்டும் கடன் வாங்கி, அதே எடையுள்ள இரும்புத் துண்டு ஒன்றை அதில் செருகி, பெல்ட்டில் கட்டி, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு அக்னி நட்சத்திர வெயிலில் என் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்தேன். மின்ட் தெருவில் நடப்பது, காரில் உட்கார்ந்து எழுவது, தரையில் அமர்ந்து கணக்கு பார்ப்பது எல்லாவற்றையும் அந்த எடையோடுதான் செய்தேன். முதலில் இடுப்பெலும்பில் குத்தியது. உறையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, அகலமான பெல்ட்டுக்கு மாறியதும் மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது. விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுவதும் மறைந்து இருக்க வேண்டும். உருளையின் தடிப்பு சட்டைக்கு வெளியே தெரிகிறதா என்று மனைவிதான் சுற்றி வந்து பார்த்தாள். தெரியவில்லை.

வியர்வையும் கடல் காற்றும் இன்னொரு பக்கம். சென்னையில் கருநீலப் பூச்சுள்ள பழைய எஃகு துரு பிடிக்க ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் போதும். வால்தரின் உரிமையாளரே ஒவ்வொரு இரவும் எண்ணெய்த் துணியால் துடைப்பதாகச் சொன்னார்; அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் புதியது கிடைக்காது என்றும் அவரே ஒளிக்காமல் சொன்னார். விற்க வந்தவரிடம் இந்த நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆக, எஃகு ரிவால்வரையே வாங்கினேன். கடையில் துப்பாக்கியின் எண்ணை உரிமத்தில் பதிந்து, காவல் நிலையத்தில் காட்டி முடித்தேன். அழகில் அது இன்றும் என்னைக் கவரவில்லை. அதற்காகச் செலவழித்த ஒரே ஆடம்பரம், கைக்கு ஏற்றபடி செதுக்கிய மரக் கைப்பிடி. அதை மாற்றிய பின் ஒற்றைக் கைத் தாள்கள் மேலும் நெருங்கின என்பதால் அதை ஆடம்பரம் என்று சொல்வதும் முழுக்கச் சரியல்ல. வீட்டில் துப்பாக்கியைக் காலி செய்து, இருமுறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுச் சுவரை நோக்கி ட்ரிகர் இழுத்துப் பழகுகிறேன். கனத்த இழுப்பு கட்டுக்குள் வந்தது பெரும்பாலும் அந்தப் பழக்கத்தால்தான், ரேஞ்சில் செலவழித்த தோட்டாக்களால் அல்ல.

2024 மக்களவைத் தேர்தலின்போது வழக்கம்போல் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு முடிந்தும் நாடு முழுவதும் எண்ணிக்கை ஜூன் 4-இல் என்பதால் இடைவெளி நீண்டது. திரும்பப் பெற்றதும் சுட்ட முதல் தாள் பழையபடி பரந்து விழுந்திருந்தது. சில வாரங்களில் சரியாயிற்று. இப்போது கிளப்பில் பலரும் 2023-இல் வந்த 'பிரபல்' என்ற ரிவால்வரைப் பற்றிப் பேசுகிறார்கள். உருளை பக்கவாட்டில் திறக்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கிறது, வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். உரிமத்தில் இன்னொரு துப்பாக்கிக்கு இடமும் இருக்கிறது. யாராவது ஒருவர் அதை ரேஞ்சுக்குக் கொண்டு வரட்டும், 10 மீட்டரில் விசிலுக்கு ஐந்து குண்டுகள் சுட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சுபேதாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.