பிசினஸ் பிரசன்டேஷனில் ‘அ’, ‘அன்’, ‘தி’: ஸ்லைடில் விட்டதைப் பேச்சில் சேர்ப்பது எப்படி?

கேம்பிரிட்ஜின் வணிக ஆங்கிலத் தேர்வான பி.இ.சி. வான்டேஜில் (இப்போதைய பெயர் ‘பி2 பிசினஸ் வான்டேஜ்’) பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் கையில் ஓர் அட்டை வரும். அதில் மூன்று தலைப்புகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு நிமிடம் தயார் செய்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் பேச வேண்டும். முடித்ததும் உடன் தேர்வெழுதுபவர் ஒரு கேள்வி கேட்பார். சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது தலைப்பு என்றால், அதன் கீழே குறிப்புகள் ‘பிரைஸ்’, ‘ரெப்யூடேஷன்’ என்று மொட்டையாக நிற்கும். அந்தச் சொற்களை எடுத்து அப்படியே வாக்கியத்தில் செருகும்போதுதான் ஆர்ட்டிக்கிள் தவறுகள் வரிசைகட்டுகின்றன. அலுவலகத்தில் ஸ்லைடைப் பார்த்துப் பேசுபவருக்கும் நடப்பது இதுவே.

காரணம் எளிது. ஸ்லைடும் குறிப்பட்டையும் தலைப்புச் செய்தியின் நடையில் எழுதப்படுகின்றன. ‘ரைஸ் இன் சேல்ஸ்’, ‘லான்ச் ஆஃப் நியூ பிராடக்ட்’ என்று ஆர்ட்டிக்கிள் இல்லாமல் ஸ்லைடில் போடுவது முற்றிலும் சரி. ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறக்கும்போது ‘தேர் வாஸ் அ ரைஸ் இன் சேல்ஸ்’ என்றும் ‘தி லான்ச் ஆஃப் தி நியூ பிராடக்ட்’ என்றும் விட்டதைத் தானாகச் சேர்த்துவிடுகிறார்கள். நமக்கு அது தானாக வராது, பழக வேண்டும். அதற்கான வழிகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

எழுத்து குழப்பக் கூடாது என்பதால், உச்சரிப்பை ஒட்டி ஆர்ட்டிக்கிள்களை ‘அ’, ‘அன்’, ‘தி’ என்று எழுதுகிறோம். ‘ஆன்’ என்று நெடிலில் வந்தால் அது ‘ஆன் டைம்’ என்பதில் வருகிற முன்னிடைச்சொல்.

ஆர்ட்டிக்கிள் தமிழில் இல்லை என்றாலும் அதன் பின்னுள்ள வேறுபாடு நம்மிடம் உண்டு. ‘ரிப்போர்ட் அனுப்பினேன்’ என்றால் ஏதோ ஒரு ரிப்போர்ட். ‘ரிப்போர்ட்டை அனுப்பினேன்’ என்றால் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த ரிப்போர்ட். அந்த ஐ உருபு செய்கிற வேலைதான் பெரும்பாலும் ‘தி’ செய்கிற வேலை. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஐ தானாக ஒட்டிக்கொண்டால் ‘தி’ போடலாம். இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஆட்களுக்கு எப்போதும் ஐ வரும் (‘ஒரு மேனேஜரைப் பார்த்தேன்’), அங்கே இது உதவாது. எழுவாய் இடத்தில் ஐ வரவே வராது. அதனால்தான் ‘சப்ளையர் வாஸ் லேட்’, ‘கிளையன்ட் அக்ரீட்’ என்று வாக்கியத் தொடக்கத்தில் நம்மவர்கள் ‘தி’யை அதிகம் விடுகிறார்கள். எழுவாய்க்கு வேறு சோதனை வேண்டும்: கேட்பவர் ‘எந்த சப்ளையர்?’ என்று கேட்பாரா? கேட்பார் என்றால் ‘அ’, கேட்க மாட்டார் என்றால் ‘தி’.

‘ஒரு’ வேறு விதமாகக் காலை வாரும். ‘ஒரு அட்வைஸ் சொல்றேன்’, ‘ஒரு இன்ஃபர்மேஷன் வந்திருக்கு’ என்று தமிழ்ப் பேச்சில் தாராளமாகச் சொல்கிறோம். அதையே ‘அன் அட்வைஸ்’, ‘அன் இன்ஃபர்மேஷன்’ என்று மாற்றினால் தவறு. பிரசன்டேஷனில் அடிக்கடி வரும் எண்ண முடியாத சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபீட்பேக், ரிசர்ச், எக்விப்மென்ட், மெஷினரி, சாஃப்ட்வேர், புராகிரஸ். இவற்றுக்கு முன் ‘அ’ வராது, பின்னால் பன்மை ‘ஸ்’ வராது. ‘சம் ஃபீட்பேக்’, ‘அ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றால் சரி. அதிகம் தவறுகிறவை ‘அ ஃபீட்பேக்’, ‘அ நியூ சாஃப்ட்வேர்’ இரண்டும்தான்.

இனி தொடர்கள். விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிடத் தொடரை ஆர்ட்டிக்கிளோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுவதே பலன் தரும். தொடக்கத்துக்கு ‘கிவ் அ பிரசன்டேஷன் ஆன்’, ‘கிவ் யூ அன் ஓவர்வியூ ஆஃப்’, ‘டேக் அ லுக் அட்’, ‘தி எய்ம் ஆஃப் மை டாக்’ போதும். இரண்டாவதுக்கும் கடைசிக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ‘ஆஃப்’ வந்தால் ‘தி’ வர வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியானால் ‘அன் ஓவர்வியூ ஆஃப்’ ஏன் சரி? ஒரு விஷயத்தைப் பல விதமாகச் சுருக்கிச் சொல்லலாம்; நீங்கள் தருவது அவற்றுள் ஒன்று. உங்கள் பேச்சின் நோக்கமோ ஒன்றுதான். ‘மை’ (என்), ‘அவர்’ (எங்கள்) வந்துவிட்டால் ஆர்ட்டிக்கிளுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘தி அவர் கம்பெனி’ என்று ஒன்று கிடையாது.

ஒரு குறிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ‘தி நெக்ஸ்ட் பாயின்ட்’, ‘தி செகண்ட் ரீசன்’ என்று ‘தி’ வரும். வாக்கியத்தின் முதலில் தனியே நிற்கும் ‘ஃபர்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ ஆகியவற்றுக்கு வராது. காலத்தைச் சொல்லும்போதுதான் இது சிக்கலாகும். இன்றைக்கு முந்தைய காலாண்டு ‘லாஸ்ட் குவார்ட்டர்’, ‘தி’ இல்லை. 2023-இன் கடைசிக் காலாண்டு ‘தி லாஸ்ட் குவார்ட்டர் ஆஃப் 2023’. அடுத்த ஆண்டு வெறும் ‘நெக்ஸ்ட் இயர்’. இன்று தொடங்கி வரும் பன்னிரண்டு மாதங்கள் ‘ஓவர் தி நெக்ஸ்ட் இயர்’. ‘சேல்ஸ் ஃபெல் இன் தி லாஸ்ட் குவார்ட்டர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், ஆண்டின் கடைசிக் காலாண்டையா, போன காலாண்டையா என்று கேட்பவர் குழம்புவார். பணம் சம்பந்தப்பட்ட கூட்டத்தில் இது சின்ன விஷயமல்ல. ‘இன் தி ஃபர்ஸ்ட் குவார்ட்டர்’ என்பதற்கு ‘தி’ உண்டு. ‘இன் க்யூ 1’ என்று சுருக்கினால் இல்லை.

கிராஃபை விளக்கும் இடம்தான் ஆர்ட்டிக்கிள் அதிகம் புழங்குகிற இடம், அதிகம் தவறுகிற இடமும். திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது முதன்முறை சொல்லும்போதே ‘தி’ பெறும்: ‘ஆஸ் யூ கேன் சீ ஃப்ரம் தி கிராஃப்’, ‘தி ரெட் லைன்’, ‘தி வெர்ட்டிக்கல் ஆக்சிஸ்’. முதல் தடவை ‘அ’, இரண்டாம் தடவை ‘தி’ என்று பள்ளியில் படித்த விதியை இங்கே பொருத்தி ‘அ கிராஃப்’ என்று தொடங்கக் கூடாது. கண் முன்னால் இருப்பதே அறிமுகம். ஸ்லைடின் பகுதிகளுக்கும் அப்படியே: ‘அட் தி டாப் ஆஃப் தி ஸ்லைடு’, ‘ஆன் தி லெஃப்ட்’, ‘இன் தி டாப் ரைட்-ஹேண்ட் கார்னர்’. எண் ஒட்டிய பெயர்களுக்கு மட்டும் ‘தி’ கிடையாது: ‘ஸ்லைடு 4’, ‘ஃபிகர் 2’, ‘பேஜ் 10’.

ஏற்ற இறக்கத்தை வினைச்சொல்லில் சொன்னால் ஆர்ட்டிக்கிள் தொல்லையே இல்லை: ‘சேல்ஸ் ரோஸ் பை 8 பெர்சென்ட்’. பெயர்ச்சொல்லில் சொன்னால் ‘அ ரைஸ் ஆஃப் 8 பெர்சென்ட்’ அல்லது ‘அன் 8 பெர்சென்ட் ரைஸ்’. அடுத்த வாக்கியத்தில் அதே ஏற்றத்துக்குக் காரணம் சொல்லும்போது ‘தி ரைஸ் வாஸ் டியூ டு’ என்று மாறும். இந்த இரட்டை வாக்கியத்தை நன்றாகப் பழகிக்கொண்டால் எந்த கிராஃபையும் சமாளிக்கலாம். தேர்வில் தடுமாற்றம் வந்தால் வினைச்சொல் வடிவத்துக்கு ஒதுங்குவது பாதுகாப்பு.

ஆர்ட்டிக்கிள் மாறினால் செய்தியே மாறிவிடும் இடங்கள் சில உண்டு. இவற்றுக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுங்கள். ‘தி நம்பர் ஆஃப் ஆர்டர்ஸ் ஹேஸ் ஃபாலன்’ என்றால் ஆர்டர்களின் எண்ணிக்கை குறைந்தது. ‘அ நம்பர் ஆஃப் ஆர்டர்ஸ் ஹேவ் பீன் கேன்சல்ட்’ என்றால் பல ஆர்டர்கள் ரத்தாயின. முதலாவதில் வினை ஒருமை, இரண்டாவதில் பன்மை. ‘வி ஹேட் ஃப்யூ கம்ப்ளெய்ன்ட்ஸ்’ என்றால் புகார் ஏறக்குறைய இல்லை, நல்ல செய்தி. ‘வி ஹேட் அ ஃப்யூ கம்ப்ளெய்ன்ட்ஸ்’ என்றால் சில புகார்கள் வந்திருக்கின்றன, அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும். ‘மோஸ்ட் கஸ்டமர்ஸ்’ பொதுவாக எல்லா வாடிக்கையாளர்களையும் பற்றியது. ‘மோஸ்ட் ஆஃப் தி கஸ்டமர்ஸ் வி சர்வேட்’ நாம் கேட்டுப் பார்த்தவர்களை மட்டும் குறிக்கும். நடுவிலுள்ள ‘மோஸ்ட் ஆஃப் கஸ்டமர்ஸ்’ எங்கும் சேராது.

ஆர்ட்டிக்கிள் விடுவது ஒரு நோய் என்றால், திருத்தத் தொடங்கியவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘தி’ போடுவது மறு நோய். அட்டையிலுள்ள மொட்டைச் சொல் சில இடங்களில் மொட்டையாகவே இருக்க வேண்டும். ‘குவாலிட்டி இஸ் இம்பார்ட்டன்ட்’ சரி. தரம் என்பதைப் பொதுவாகப் பேசுகிறோம். ‘தி குவாலிட்டி ஆஃப் தி கூட்ஸ்’ என்று எதன் தரம் என்பதைச் சொல்லிவிட்டால்தான் ‘தி’. ‘ரெப்யூடேஷன் இஸ் இம்பார்ட்டன்ட்’ சரி. ஆனால் முன்னால் ஓர் அடை சேர்ந்து ஒரு நிறுவனத்துக்குரிய பெயராகும்போது ‘அ குட் ரெப்யூடேஷன்’. பின்வரும் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்:

‘குட் சப்ளையர் ஷுட் டெலிவர் கூட்ஸ் ஆன் டைம். இஃப் தேர் இஸ் டிலே, கம்பெனி மே லூஸ் தி கஸ்டமர்ஸ். வி ஷுட் ஆல்சோ கெட் அ ஃபீட்பேக் ஃப்ரம் அதர் பையர்ஸ்.’

திருத்தினால்:

‘அ குட் சப்ளையர் ஷுட் டெலிவர் கூட்ஸ் ஆன் டைம். இஃப் தேர் இஸ் அ டிலே, தி கம்பெனி மே லூஸ் கஸ்டமர்ஸ். வி ஷுட் ஆல்சோ கெட் ஃபீட்பேக் ஃப்ரம் அதர் பையர்ஸ்.’

மூன்று இடத்தில் சேர்ந்திருக்கிறது, இரண்டு இடத்தில் நீங்கியிருக்கிறது. ‘தி கம்பெனி’ என்பதற்குப் பதில் ‘அ கம்பெனி’ என்றாலும் நிற்கும், ஒன்றுமில்லாமல் நிற்காது. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கில வாக்கியத்தில் தனியாக நிற்பது அரிது. அதன் முன்னால் ஆர்ட்டிக்கிளோ ‘மை’, ‘திஸ்’, ‘ஈச்’ போன்ற சொல்லோ வேண்டும். நம்மவர்களின் தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது.

‘அ’வா ‘அன்’னா என்பதை முடிவுசெய்வது ஒலி. இதற்குத் தமிழ் எழுத்து ஓரளவு உதவும். ‘யூனிக்’, ‘யூரோப்பியன்’, ‘யூ.எஸ்.பி.’ என்று தமிழில் எழுதும்போதே ‘யூ’ வந்துவிடுகிறது, எனவே ‘அ’. ‘எஸ்.எம்.இ.’, ‘எம்.ஓ.யு.’, ‘எஃப்.எம்.சி.ஜி.’ உயிரில் தொடங்குகின்றன, எனவே ‘அன்’. ‘ஒன்’ மட்டும் ஏமாற்றும். எழுதுவது ஒகரத்தில், ஒலிப்பது ‘வன்’. எனவே ‘அ ஒன்-ஆஃப் பேமென்ட்’. எண்களில் 8, 11, 18 மற்றும் 80 முதல் 89 வரை ‘அன்’. தமிழ் நாவில் எகரம் சொல்லின் முதலில் ‘யெ’ என்று வழுக்குவதுண்டு. ‘யெம்.பி.ஏ.’, ‘யெய்ட்’ என்று சொல்லிப் பழகியவருக்கு ‘அ’ என்பதே சரியாகத் தோன்றும். யகரத்தை விட்டு ஒலித்தால் ‘அன்’ இயல்பாக வந்து சேரும். ‘ஹெச்.ஆர்.’ என்பதையும் ‘எச்.ஆர்.’ என்று ஒலித்து ‘அன் எச்.ஆர். மேனேஜர்’ என்பதே தேர்வுக்கு நல்லது.

பெயர்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘டாட்டா மோட்டார்ஸ்’, ‘இன்ஃபோசிஸ்’ போன்றவற்றுக்கு ஆர்ட்டிக்கிள் இல்லை. ‘தி டாட்டா குரூப்’ என்பதற்கு உண்டு. ‘தி ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா’, ‘தி ஆர்.பி.ஐ.’ சரி, ஒரே சொல்லாக ஒலிக்கிற ‘செபி’க்கு வேண்டாம். நாடுகளில் ‘தி யூ.எஸ்.’, ‘தி யூ.கே.’, ‘தி யூ.ஏ.இ.’, ‘தி நெதர்லாந்ட்ஸ்’.

நிலைத்த தொடர்களுக்குக் காரணம் தேடாமல் அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லது. ‘ஆஸ் அ ரிசல்ட்’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘இன் தி லாங் ரன்’, ‘ஆன் தி ஹோல்’, ‘அட் தி மொமென்ட்’ ஒரு பக்கம். ‘இன் கன்க்ளூஷன்’, ‘இன் அடிஷன்’, ‘ஆன் ஆவரேஜ்’, ‘இன் டீட்டெய்ல்’, ‘அட் பிரசன்ட்’ மறு பக்கம். ‘இன் தி கன்க்ளூஷன்’ என்று முடிப்பவர்கள் மிகப் பலர்.

ஒலிக்கும்போது ஆர்ட்டிக்கிளுக்கு அழுத்தம் கொடுக்காதீர்கள். ‘அ’வை ‘ஏ’ என்று நீட்டினால் அடுத்த சொல்லைத் தேடித் தடுமாறுவதுபோல் கேட்கும். ‘தி’ உயிருக்கு முன் ‘தி’யாகவும் மெய்க்கு முன் ‘த’ போலக் குறுகியும் ஒலிக்கட்டும். மூச்சு விடுவதானால் ஆர்ட்டிக்கிளுக்கு முன் விடுங்கள், பின் வேண்டாம்: ‘லெட்ஸ் லுக் அட்’ என்று நிறுத்தி, ‘தி கிராஃப்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஒரு நிமிடப் பேச்சைப் போனில் பதிவுசெய்து, சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதுங்கள். மூன்று முறை தனித்தனியாகப் படியுங்கள். முதல் முறை ஒருமைப் பெயர்களை மட்டும் அடிக்கோடிட்டு, முன்னால் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை எண்ண முடியாத சொற்களுக்கு முன் ‘அ’ புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் முறை பொதுவாகச் சொன்ன பன்மைகளுக்கு முன் தேவையில்லாத ‘தி’யைத் தேடுங்கள். மூன்றையும் ஒரே வாசிப்பில் பார்க்க முயன்றால் பாதி தப்பிவிடும். இந்தப் பழக்கம் அதே தேர்வின் வாசிப்புத் தாளுக்கும் கைகொடுக்கும். அங்கே ஐந்தாம் பகுதியில் 12 வரிகள். வரியில் மிகையாக நிற்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், சில வரிகள் சரியாகவே இருக்கும். கேட்பது மிகையான சொல்லை மட்டுமே என்பதால், விடுபட்டதைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் வாசிப்பே அங்கே உதவும்.

பேச்சுத் தேர்வில் தயாரிப்புக்குக் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ‘ரெப்யூடேஷன்’ என்று குறிக்காமல் ‘அ குட் ரெப்யூடேஷன்’ என்றே எழுதிக்கொள்ளுங்கள். கூடுதலாகும் நேரம் ஓரிரு நொடி. பேசும்போது ஓர் ஆர்ட்டிக்கிள் விட்டுப்போனது தெரிந்தால் திரும்பிப் போய்த் திருத்த வேண்டாம். இலக்கணம், சொல்வளத்தோடு பேச்சைத் தொடுத்துச் செல்லும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு ‘தி’க்காக வாக்கியத்தை உடைத்தால் இழப்பு அங்கே கூடும். ‘தி நம்பர் ஆஃப்’, ‘அ ஃப்யூ’ போலப் பொருளே மாறிவிட்ட இடங்களில் மட்டும் நின்று திருத்துங்கள்.