தண்ணீர் பிரியும் இடமெல்லாம் நின்று போனோம்

ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து கிழக்கே வண்டி ஓட்டினால் பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று கரூர், குளித்தலை என்று காவிரியை ஒட்டியே வந்து நம் முதுகில் கை வைத்துத் தள்ளும். நண்பர்களோடு போகும் ரைடை இந்த மாதத்தில் வைக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான். ஆற்றில் தண்ணீர் ஓடும் என்பது இன்னொரு காரணம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். நீர் இருப்பைப் பொறுத்து அது முன்னே பின்னே போகும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும்.

இந்த முறை எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது கொல்லிமலை, ஏற்காடு என்று வழக்கமான பெயர்களே வந்தன. எங்களில் ஒருவனுடைய அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். டெல்டாக்காரர்களுக்கு லஸ்கர் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மதகின் ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று ராத்திரி பகல் பாராமல் கரையிலேயே கிடப்பவர். அவன் சொன்னான்: "மலைக்கு எப்ப வேணா போகலாம்டா. முக்கொம்புல ஆரம்பிச்சு, ஆறு எங்கெல்லாம் பிரியுதோ அங்கெல்லாம் நின்னு நின்னு போவோம்." சரி என்றோம்.

ஆறு வண்டி, எட்டு பேர். இரண்டு புல்லட், ஒரு பல்சர், ஒரு ஸ்ப்ளெண்டர், ஒரு ஆக்டிவா, அப்புறம் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று. ஆக்டிவா எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கூட்டமாகப் போகும்போது மெதுவான வண்டிதான் வேகத்தை முடிவு செய்யவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை இரண்டாவதாக விட்டு, வழி தெரிந்தவன் முன்னால் போவான். நன்றாக ஓட்டத் தெரிந்தவன், பஞ்சர் சாமானோடு கடைசியில் வருவான். எங்கள் லேனுக்குள்ளேயே ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறிப் போனால் முன்வண்டி திடீரென்று பிரேக் போட்டாலும் நமக்கு இடம் இருக்கும். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் அந்தப் பக்கத்துக் காலை நீட்டுவான். திருப்பத்தில் நின்று, பின்வண்டி கண்ணாடியில் தெரிந்த பிறகே நகர வேண்டும். இந்தக் கடைசி விதி ஒன்றைக் கடைப்பிடித்தால் போதும், யாரும் தொலைய மாட்டார்கள், யாரும் துரத்தவும் வேண்டியிருக்காது.

வெயில் ஏறுவதற்குள் முக்கொம்பில் இருந்தோம். காவிரி இங்கே இரண்டாகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. லஸ்கர் மகன் கரையில் நின்று ஒரு விஷயத்தை விளக்கினான். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடும். காவிரி மணல் மேவிக் காய்ந்துவிடும். ஆங்கிலேயர் காலத்தில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 1836 முதல் 1838 வரை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியதுதான் மேலணை. அந்தப் பழைய அணையில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் சரிந்தன. அதன் பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள். பழைய தூண்கள் உடைந்த செய்தி வந்த இரவு அவன் அப்பா தூங்கவே இல்லையாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாள் ஆன பிறகும் "எந்த மதகு, எத்தனையாவது கண்" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

திருச்சி நகரத்தைச் சட்டென்று கடந்துவிட்டோம். சத்திரம், காவிரிப் பாலம், திருவானைக்காவல். அங்கிருந்து கல்லணை சாலை பிடித்தால் ஊரின் சத்தம் அடங்குகிறது. திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்ப் பெயர்களே கேட்க நன்றாக இருக்கும். இரு பக்கமும் வாழை. சாலை சின்னது, நிழல் பெரியது. நாற்பதுக்கு மேல் யாரும் போகவில்லை, போகவும் தோன்றவில்லை. ஈர மண் வாசனையும் வாழைச் சருகு வாசனையும் ஹெல்மெட்டுக்குள் வந்துகொண்டே இருந்தன. காரில் வந்திருந்தால் இந்தப் பாதை வெறும் குறுகலான ரோடு, அவ்வளவுதான்.

டீக்கடையில் ஒரு பெரியவர் எங்கள் வண்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா கிளம்பிட்டீங்க இத்தனை பேரு?" என்றார். காற்று நன்றாகத் தள்ளிவிடுகிறது ஐயா, சுகமாக வந்தோம் என்று நான் சொன்னேன். அவர் எதிரே இருந்த தோட்டத்தைக் காட்டினார். குலை தள்ளிய மரங்களுக்கெல்லாம் கழி நட்டு முட்டுக் கொடுத்திருந்தது. அப்படியும் வரப்போரம் நாலைந்து மரம் இடுப்பு ஒடிந்து கிடந்தது. "தம்பி, உங்களுக்குத் தள்ளுது. எங்களுக்குச் சாய்க்குது. இந்த ஒரு மாசம் ராத்திரி காத்து சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துருவேன்" என்றார். ஒரு வருஷப் பயிர், குலை வெட்ட ஒரு மாதம் இருக்கும்போது ஒடிந்தால் அதை என்ன செய்வது? அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கேயே ஒரு சீப்புப் பழம் வாங்குங்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு சீப்பு பூவன் வாங்கிக்கொண்டோம்.

கல்லணையைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் முக்கொம்பில் நின்றுவிட்டு நேரே வந்து பார்த்தபோதுதான் அதன் வேலை எனக்கு முழுதாக விளங்கியது. அணை என்றாலே தண்ணீரைத் தேக்குவது என்று மனதில் பதிந்து கிடக்கிறது. இது தண்ணீரைத் திருப்புவதற்கான அணை. தீவு முடியும் இந்த இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்குகின்றன. தாழ்வாகக் கிடக்கும் கொள்ளிடத்துக்குள் காவிரி தாவிவிடாமல் மறித்துக் கிழக்கே அனுப்பத்தான் கரிகாலன் கல்லைப் போட்டான். அடியில் பாறை கிடையாது, ஆழம் தெரியாத மணல். அதன்மேல் பெரிய பெரிய கற்களைக் கொண்டுவந்து போட, அவை தம் கனத்தாலேயே மண்ணுக்குள் இறங்க, அதன்மேல் அடுத்த அடுக்கு, நடுவே களிமண். நேர்கோடாக இல்லாமல் நெளிந்து போகும் அந்த உடம்பின் நீளம் 1,080 அடி. மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இதைப் பார்த்தே கற்றுக்கொண்டோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். இதற்கு 'கிராண்ட் அணைக்கட்' என்ற பெயர் வந்ததும் அவரால்தான். கரிகாலனுக்கும் அங்கே சிலை இருக்கிறது, காட்டனுக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது நியாயம் என்று நினைக்கிறேன்.

பாலத்தின்மேல் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வடக்கிலிருந்து தெற்காக நடந்தோம். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கடைசியாகக் கல்லணைக் கால்வாய். மற்ற மூன்றும் பழைய ஆறுகள். கால்வாய் மட்டும் 1934இல் மேட்டூரோடு சேர்ந்து வந்தது. அதற்குமுன் ஆற்றுத் தண்ணீர் பார்க்காத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்கு நீர் கொண்டுபோவது அதுதான். அதனால் தஞ்சாவூரில் இன்னும் அதைப் 'புது ஆறு' என்றே சொல்கிறார்கள். அன்று காவிரியிலும் வெண்ணாற்றிலும் தண்ணீர் திமிறிக்கொண்டு போனது. கொள்ளிடத்தில் வெறும் மணலும் நாணலும். எந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்தே எந்தத் தாலுகாவில் என்ன வேலை நடக்கும் என்று நண்பன் சொல்லிக்கொண்டு வந்தான். வாகனங்கள் உரசிக்கொண்டு போகும் அந்தப் பாலத்தில் நாங்கள் அசையாமல் நின்று கேட்டோம்.

அங்கே பொரித்த மீன் சாப்பிடாமல் நகரக்கூடாது. கண்முன்னாலேயே மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் குளிக்கலாமா என்று ஒருவன் கேட்டான். கல்லணை மதகுப் பக்கம் கண்டிப்பாகக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் சுழல் இருக்கும். எச்சரிக்கைப் பலகை வைத்தும் வருஷா வருஷம் பிள்ளைகளின் உயிர் போகிறது. இளவட்டங்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

கோவிலடியில் அப்பக்குடத்தான் கோயில் நடை சாத்தியிருந்தது. பெருமாளுக்கு இரவுதோறும் அப்பம் படைக்கிற கோயில், கொள்ளிடத்தின் தென்கரையில் மேடான இடத்தில் இருக்கிறது. வெளியே நின்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வரைக்கும்தான் நெல் வயல் விரியத் தொடங்குகிறது. பம்பு செட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே போட்ட குறுவை நெல் தூர் கட்டிக் கரும்பச்சையாக நின்றது. ஆற்றுத் தண்ணீரை நம்பி இருந்தவர்கள் இப்போதுதான் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த வயலில் இரண்டு காலம். சேறடித்த டிராக்டர், சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு ரோட்டில் ஏறினால் அரை பர்லாங்கு தூரத்துக்கு வழுவழுவென்று களி விழுந்து கிடக்கும். மழையைவிட மோசம் அது. வண்டியைச் சாய்க்காமல், முன்பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராக ஊர்ந்து போக வேண்டும். ஆக்டிவாவின் சின்னச் சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பார்த்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி நடந்தே வந்தான்.

அந்தக் களிக்குள் கிடந்த ஆணியோ முள்ளோ, ஸ்ப்ளெண்டரின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ட்யூப் டயர், சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வாய்க்கால் ஓரம் புங்கமரத்தடியில் ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்தோம். நடவு முடித்துக் கரையேறிய பெண்கள் ஐந்தாறு பேர் கைகால் கழுவிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒட்டுப் போட்ட ட்யூபில் காற்று கசிகிறதா என்று பார்க்கத் தண்ணீர் வேண்டுமே என்று நாங்கள் பாத்திரம் தேடினோம். ஒரு அக்கா, "ஆறே ஓடுது, சொம்பு தேடுறீங்களே. வாய்க்கால்ல முக்கிப் பாருங்க தம்பி" என்றார். முக்கினோம். ஒட்டு பிடித்திருந்தது. வாங்கி வைத்திருந்த பழத்தை அவர்களுக்குக் கொடுத்தோம். அவர்கள் தூக்குவாளியிலிருந்து நீர்மோர் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்று முழுக்க வயிற்றுக்குள் போனதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மோர்தான்.

திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. மதகடியில் கொஞ்ச நேரம் நின்றோம், மெஸ்ஸில் சாப்பிட்டோம். பக்கத்திலேயே பூண்டி மாதா கோயில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் வித்தியாசத்தைக் கொண்டுவந்தவர் ஆயிற்றே, வணங்கிவிட்டுத்தான் வந்தேன்.

நடுக்காவேரி வழியாகத் திருவையாறு போனபோது வெயில் தணிந்திருந்தது. புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆசை தீரக் குளித்தோம். இங்கே படியைப் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் முங்கலாம். குளித்துவிட்டுத் தியாகராஜர் சமாதிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அந்த இடத்தை மீட்டுக் கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் சொந்தப் பணத்தைப் போட்டு. பாட்டுக் கேட்காதவர்கள்கூட அந்த அம்மாளுக்காக ஒரு முறை போய்வரலாம். கடைத்தெருவில் அசோகா, இலைத்துண்டில் வைத்து, நெய் விரலில் ஒட்ட ஒட்ட. பாசிப்பருப்பில் செய்வது. சூடாகச் சாப்பிட்டால்தான் அது அசோகா.

பிறகுதான் லஸ்கர் மகன் காத்திருந்த பகுதி வந்தது. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து பாலம். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. பஸ்ஸில் எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே கடந்த சாலை. இப்போது ஒவ்வொரு பாலத்திலும் அவன் வண்டியை ஓரம் கட்டினான். குடமுருட்டியா, நாம் சாப்பிட்ட ஊரில் பிரிந்தது. வெண்ணாறா, காலையில் கல்லணையில் பார்த்தது. வெட்டாறு வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் பிரிந்து வருவது. வடவாறும் வெண்ணாற்றின் பிள்ளையே. காலையில் ஒரே ஆறாகப் பார்த்த தண்ணீர் ஐந்து கையாக விரிந்து நாகப்பட்டினம் வரைக்கும் வயல் வயலாகப் போகிறது. எங்கப்பா ஷட்டர் தூக்கினது இந்த ஆத்துலதான் என்று வெண்ணாற்றுப் பாலத்தில் மட்டும் அவன் சொன்னான். நாங்கள் அவனை அவசரப்படுத்தவில்லை.

திரும்பும் வழி நெடுஞ்சாலை, அதோடு எதிர்க்காற்று. வல்லம் ஏறியதும் பச்சை நின்றுபோய்ச் செம்மண் மேடு வந்துவிடுகிறது. செங்கிப்பட்டி வரை புழுதிதான். காலையில் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்த அதே காற்று இப்போது மார்பில் இடித்தது. லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு அடி விலகி, பிறகு உள்ளே இழுத்தது. அந்த நேரத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்துக்கொள்வது நல்லது. துவாக்குடி டீக்கடையில் கடைசியாக ஒரு முறை எல்லோரும் கூடினோம். முக்கொம்பிலிருந்து மொத்தம் 150 கிலோமீட்டர் பக்கம் வந்தது, ஒரு நாளுக்கு அளவான தூரம்.

அங்கேயே அடுத்த திட்டத்தையும் பேசி முடித்துவிட்டோம். தை மாதம், சம்பா அறுப்பு நேரம். கொள்ளிடத்தைப் பிடித்துக்கொண்டு அணைக்கரை, அங்கிருந்து வீராணம், முடிந்தால் பழையாறு முகத்துவாரம் வரை. ஆக்டிவாதான் இரண்டாவது வண்டி. இந்த முறை லஸ்கர் ஐயாவையும் புல்லட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாக இருக்கிறோம். அவர் சரி என்று சொல்லிவிட்டார்.